கடைசி வண்டி வரும்வரை

சரளையில் கவிழ்ந்து கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேப்பை யார் மூடியிருப்பார்கள்?

பக்கத்து வீட்டு ரோஸ்லின் நோஸ்கே ஒரு சனிக்கிழமை காலை வேலியோரம் நின்று என்னிடம் இதைக் கேட்டார். அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ வண்டிச் சந்தேகம் என்று நினைத்துத் "தெரியலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் கேட்டது வண்டியைப் பற்றி அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. முழுவதையும் அவரே ஒருநாள் உட்கார்ந்து சொன்னார், எழுதச் சொல்லியும் கேட்டுக்கொண்டார். ஆகவே இது அவருடைய கதை.

ரோஸ் பிறந்தது, அடிலெய்டிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கும் ஒரரூ என்ற சிற்றூரையும் தாண்டி. நல்ல மழை பெய்த வருடம் கோதுமை, பெய்யாத வருடம் ஆடுகள் மட்டும் என்று காலம் தள்ளும் பூமி அது. பத்து வயதில் அப்பாவின் பண்ணை மோட்டார் சைக்கிளில் ஏறி ஆடு மடக்கப் போனவர். தார்ச்சாலை என்பது அவருக்கு டவுனுக்குப் போகும்போது மட்டும் கண்ணில் படுகிற சங்கதி. மற்றதெல்லாம் சரளைதான். சரளையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் விழுவோம், தளர்வாகப் பிடித்தால் வண்டி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதை யாரும் சொல்லித் தராமலே, இரண்டு முறை முழங்கை உரிந்து, அவர் கற்றுக்கொண்டார். முன்சக்கரம் நெளிந்தால் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்குவார். நெளிவு அடங்கிவிடும். இருபத்திரண்டு வருடமாக அதே சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பண்ணை வாசல்களில் பிள்ளைகள் வந்து ஏறும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். காத்திருப்பது அவருக்குக் கஷ்டமான வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

டாரில் நோஸ்கே பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளையும் பம்புகளையும் பழுது பார்க்கிறவர். ரோஸின் அப்பா பண்ணையில் நின்றுபோன காற்றாடியைச் சரிசெய்ய வந்தார். வந்தவர் காற்றாடிமேல் ஏறுவதற்கு முன் கொட்டகை வாசலில் நின்ற ரோஸின் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, செயினை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தச் செயினுக்கு வாய் இருந்தா உன்னைப் போலீஸ்ல சொல்லியிருக்கும்."

"அதுக்கு வாய் இல்ல. உனக்கு இருக்கு. மேல ஏறு, அப்பா பார்க்கிறார்," என்றார் ரோஸ்.

அன்று மாலை காற்றாடி சுற்றியது. செயினும் கழுவி எண்ணெய் போடப்பட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம்.

டாரிலின் வண்டி ஒரு நீலநிற யமஹா, அறுநூறு சிசி. பழையதாக வாங்கியது. அதைப் பார்க்கிற யாரும் பழையது என்று சொல்ல மாட்டார்கள். அதிவேகத் தண்ணீர்க் குழாயால் அதைக் கழுவ டாரில் யாரையும் விட்டதில்லை. தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடுமாம். ஒரு வாளி வெந்நீர், ஒரு மென்மையான பிரஷ், பழைய பனியன் துணி, அவ்வளவுதான். பயணம் முடிந்து வந்ததும் செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விடுவார், சூட்டில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும் என்பார். முக்கியமான ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்ட்டால் மெல்லிய கோடு போட்டிருந்தார். போல்ட் மயிரிழை தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டியை நிறுத்தினால், ஐந்து நிமிடத்துக்கு என்றாலும், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை விடும் டேப்பை மூடிவிடுவார். டீ குடிக்க நிறுத்தினாலும் மூடுவார். கை தானாகப் போகும். ரோஸ் கேலி செய்வார்: "ராத்திரி தூக்கத்துல என் காதைப் பிடிச்சுத் திருகறான். டேப்புன்னு நினைச்சுக்கிறான் போல."

இருவரும் உப்புச்செடி என்ற மோட்டார் சைக்கிள் கிளப்பில் இருந்தார்கள். பெயருக்குத்தான் கிளப். பன்னிரண்டு பதிமூன்று பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கேயாவது இருநூறு கிலோமீட்டர் சரளையில் போய், ஒரு பப்பில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. அவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அந்த விதிதான் இந்தக் கதை.

சரளையில் முன்னால் போகிற வண்டி எழுப்பும் புழுதி, காற்றில்லாத நாளில், அரைக் கிலோமீட்டர் தூரத்துக்குத் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போக முடியாது. விலகித்தான் போக வேண்டும். விலகினால் சாலை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முக்கிலும், முதலில் போகும் தலைவருக்கு அடுத்து வருகிறவர் நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கைகாட்டி வழி சொல்ல வேண்டும். கடைசி வண்டி யாருடையது என்று காலையிலேயே தீர்மானமாகியிருக்கும். அந்தக் கடைசி வண்டி வந்ததும் இவர் கிளம்பலாம். அதுவரை நகரக் கூடாது. "கடைசி வண்டியைக் கண்ணால் பார்க்காமல் முக்கை விட்டுப் போகாதே." கிளப் கூடுகிற கொட்டகையின் கரும்பலகையில் மேலே இது எழுதியிருக்கும். அதற்குக் கீழேதான் மற்ற எதையும் எழுதுவார்கள், அழிப்பார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் ரோஸ் ஒருமுறை அந்த விதியை மீறிவிட்டார். வேண்டுமென்று இல்லை. ஒரு முக்கில் நின்றபோது புழுதிக்குள் வெள்ளை ஹெல்மெட் ஒன்று வந்தது. கடைசி வண்டிக்காரருக்கும் வெள்ளை ஹெல்மெட். கை ஆட்டினார், அவரும் ஆட்டினார். ரோஸ் கிளம்பிவிட்டார். வந்தவன் பக்கத்துப் பண்ணைப் பையன், ஆட்டைத் தேடிக்கொண்டு போனவன். பின்னால், அன்றைய கடைசி வண்டியில் வந்த பிரென்டன் கூக்கலும் அவன் மருமகனும் முக்கில் யாரும் இல்லாததால் நேராகப் போய், ஐம்பது கிலோமீட்டர் தாண்டி, பூட்டிய கேட் ஒன்றின் முன்னால் பெட்ரோல் தீர்ந்து, ஆட்டு ரோமம் கத்தரிக்கும், ஆள் இல்லாத ஒரு கொட்டகையில் கம்பளிக் கழிவைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். மறுநாள் பண்ணைக்காரர் வந்து சிரித்துக்கொண்டே அழைத்துவந்தார். பிரென்டனுக்கு ஒரு வாரம் ஆட்டு வாடை போகவில்லை என்று அவன் மனைவி ஊரெல்லாம் சொன்னாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது சிரிப்புக் கதையாகிவிட்டது. அந்த வருடக் கடைசி விருந்தில், ஆண்டின் பெரிய கோமாளிக்குக் கொடுக்கும் பரிசு ரோஸுக்கு. பரிசை டாரிலே செய்திருந்தார். மடக்கக்கூடிய ஒரு சின்ன இரும்பு நாற்காலி. பொன்னிற பெயின்ட். முதுகுச் சாய்வில் 'முக்கு ரோஸ்' என்று வெல்டிங்கில் எழுதியிருந்தார். "நிக்கக் கஷ்டமா இருந்தா உட்கார்ந்துக்கட்டும்னு செஞ்சேன்," என்று மேடையில் சொன்னார். அறை அதிர்ந்தது. ரோஸும் சிரித்தார். அந்த நாற்காலியை ஒவ்வொரு பயணத்திலும் தன் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். கேலியை அப்படித்தான் எங்கள் ஊரில் வாங்கிக்கொள்வார்கள். முகம் சுண்டினால் தோற்றுப்போனதாக அர்த்தம். பதினோரு வருடமும் யாராவது ஒருவர், சம்பந்தமில்லாத இடத்தில்கூட, "ரோஸ் போயிட்டாளா பாரு, இருக்காளா" என்பார்கள். கடையில் பால் தீர்ந்துபோனால்கூட.

அவர் அதன்பிறகு ஒரு முக்கையும் முன்னதாக விட்டதில்லை.

அந்த ஏப்ரல் ஞாயிறன்று பதினொரு பேர். கிராடாக் பப்பில் மதியச் சாப்பாடு. தலைவர் லின்ட்சே, கம்பளி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், நிதானமான ஆள். கடைசி வண்டி டாரில். சரளை தொடங்கும் இடத்தில் டாரில் இறங்கித் தன் டயர்களிலும் ரோஸின் டயர்களிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார். கல்லில் துள்ளாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். பாதி வழியில் தேநீருக்கு நின்றார்கள். டாரில் வாயில் இறைச்சி அடைத்த பேஸ்டி ஒன்றைக் கவ்விக்கொண்டே ரோஸின் வண்டிப் பின்னால் போய்ப் பார்த்தார்.

"ரோஸி, நாற்காலி எடுத்துட்டு வந்தியா?"

"வந்திருக்கேன். உன்னை மாதிரி ஊர்ந்து வர்றவனுக்காகத்தானே அது."

"ஊர்ந்து வரலே. எல்லாரையும் முன்னால அனுப்பிட்டு ராஜா மாதிரி வர்றேன்."

அதற்குமேல் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு ஒரு முக்கு வந்தது. ரோஸ் தலைவருக்கு அடுத்து இருந்ததால் நின்றார். சாலை இரண்டாகப் பிரிந்தது. நேராகப் போனால் ஒரு பண்ணை, வலப்பக்கம் கிராடாக். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் கைகாட்டினார். எட்டாவதாகப் பிரென்டன் வந்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, பின்னால் சுட்டினான். டாரில் வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பிரென்டன் போன புழுதி அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்று காற்றே இல்லை.

ரோஸ் நாற்காலியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்தார். பதினொன்றே காலுக்கும் வரவில்லை. பஞ்சராக இருக்கும் என்று நினைத்தார். டாரிலுக்கு டயர் மாற்றக் கால்மணி போதும். பதினொன்றரை ஆயிற்று. எந்தப் பண்ணைக்காரனாவது கேட்டருகே நின்று பிடித்துக்கொண்டிருப்பான். 'டாரில், அந்தப் பம்பு மறுபடி சத்தம் போடுது' என்று ஆரம்பித்தால் டாரிலால் போக முடியாது. கடைசி வண்டிக்காரர் தாமதமாக வருவது ஊரில் நடக்காத விஷயமா என்ன. வழியில் யார் வண்டி நின்றாலும் உதவுவதுதான் அவர் வேலை. ஆனால் பிரென்டனுக்குப் பின்னால் உதவி தேவைப்பட யாரும் இல்லை. அந்த எண்ணம் வந்ததும் எழுந்துவிட்டார்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். ஒன்றுமில்லை. வண்டியைக் கிளப்பி, வந்த வழிக்குத் திருப்பினார். அப்போது அந்த விருந்து அறையின் சிரிப்பு காதில் கேட்டது என்றார் என்னிடம். நான் இங்கிருந்து போய், டாரில் வேறு வழியாக இந்த முக்குக்கு வந்து, ஆள் இல்லாமல் நேராகப் போய்விட்டால்? மறுபடியுமா? வேறு வழி என்று ஒன்று அங்கே இல்லை. அது அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய சாலைகள். இருந்தும் எஞ்சினை நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு முறை கிளப்பினார், இன்னொரு முறை நிறுத்தினார்.

கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி கிளப்பில் ஒன்று இருந்தது. அது முன்னால் போகிற லின்ட்சேயின் பையில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குப் புழுதி தெரிந்தது. ஆனால் அது கிராடாக் பக்கத்திலிருந்து வந்தது. லின்ட்சே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"ரோஸ், டாரில் எங்க?"

"வரலே."

"எத்தனை நேரமா உட்கார்ந்திருக்கே?"

ரோஸ் வண்டியில் ஏறினார். நாற்காலியை எடுக்கவில்லை.

ஆறரைக் கிலோமீட்டர். வறண்ட ஓடை ஒன்று சாலையைக் கடக்கும் இடம். மார்ச்சில் வந்த வெள்ளம் ஓடையின் விளிம்பை முழங்கால் ஆழத்துக்கு அறுத்துவிட்டிருந்தது. மற்ற எல்லோரும் எப்படியோ அதைத் தாண்டியிருந்தார்கள். நீல வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டாரில் அதன் பக்கத்திலேயே கிடந்தார். ஒரு கை டேங்கின் மேல் இருந்தது. தூங்குகிறவன் தலையணையைப் பிடித்திருப்பது போல இருந்தது என்றார் ரோஸ். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. வெயிலாலா என்று அவருக்குத் தெரியவில்லை.

லின்ட்சே கருவியை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணியானது. எங்கள் ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள்தான், சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். அன்று வந்தவர் கிம் ட்ஸ்வார். டாரிலோடு பள்ளியில் படித்தவர். பார்த்துவிட்டு எழுந்து வந்து ரோஸின் தோளைப் பிடித்தார். "உடனே போயிருக்கு, ரோஸ். விழுந்ததே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார்.

ஐந்து மாதம் ரோஸ் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து உயிர் வாழ்ந்தார். காலையில் பேருந்தில் ஏறும்போதும், மாலையில் ஒரு தட்டு மட்டும் கழுவும்போதும் அது கூடவே இருந்தது. உடனே போயிருக்கிறது. அப்படியானால் நான் பத்து நிமிடத்தில் போயிருந்தாலும் ஒன்றுதான், ஒரு மணி நேரம் கழித்துப் போயிருந்தாலும் ஒன்றுதான். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. மாறாக, லின்ட்சே அடக்கத்தன்று எல்லோர் முன்னிலையிலும், "விதிப்படி நின்னே, ரோஸ். அதுதான் சரி," என்றார். ரோஸ் தலையாட்டினார்.

பிரென்டன் மறுநாளே நீல வண்டியைத் பின்புறம் திறந்த தன் யூட் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ரோஸின் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் போர்வை போட்டுவிட்டுப் போயிருந்தான். ரோஸ் அந்தப் பக்கம் போகவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஏன் என்று அவருக்கே தெரியாமல், வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு போனார். பிரஷ், பனியன் துணி எல்லாம் ஆணியில் அதனதன் இடத்தில் தொங்கின. ஓடைச் செம்மண் மட்கார்டுக்கடியில் காய்ந்திருந்தது. அதைக் கரைத்து எடுத்தார். வலது கைப்பிடி கொஞ்சம் வளைந்திருந்தது, ஒரு இண்டிகேட்டர் உடைந்திருந்தது. மற்றபடி வண்டிக்கு ஒன்றுமில்லை. மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட விலகவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டார். பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டார். பல நாள் கழித்து இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டதாகச் சொன்னார்.

சாயங்காலம் ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தார். பெட்ரோல் டேப் மூடியிருந்தது. திறந்துவிட்டு அழுத்தியதும் எஞ்சின் எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் ரோஸ் வண்டிமேல் தலை வைத்து அழுதார். அது நல்ல அழுகை.

மறுநாள் பேக்கரியில் பிரென்டனைப் பார்த்தார். நன்றி சொல்ல நினைத்தார்.

"வண்டியைப் பத்திரமா கொண்டுவந்தே, பிரென்டன். டேப்பைக்கூட மூடி வச்சிருந்தே. டாரில் இருந்திருந்தா மெச்சியிருப்பான்."

"அதை நான் மூடலே, ரோஸ். மூடலாம்னுதான் குனிஞ்சேன். ஏற்கனவே மூடியிருந்துச்சு," என்றான் பிரென்டன். அவன் நல்லவன், உண்மையைச் சொன்னான். சொல்லி முடித்தபிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவனுக்கே புரிய ஆரம்பித்தது. கையில் இருந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "லின்ட்சே மூடியிருப்பார்," என்றான்.

லின்ட்சே மூடவில்லை. வண்டியைத் தான் தொடவே இல்லை என்றார். ஓடும் வண்டியில் டேப் திறந்துதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடாது. விழுந்த வண்டி தன் டேப்பைத் தானே மூடிக்கொள்ளாது. அந்த வாரம்தான் வேலியோரம் நின்று என்னிடமும் கேட்டார். எனக்கு வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதால், 'அதிர்ச்சியில் தானாகத் திரும்பிவிடும்' என்று நான் சொல்வேன் என்று நம்பினாராம். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கிம்மிடம் போனார். கிம் ஆம்புலன்ஸ் கொட்டகையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ரோஸ் டேப்பைப் பற்றிச் சொன்னார். கிம் தண்ணீரை நிறுத்தினார். வெகுநேரம் குழாயைச் சுருட்டினார்.

"அவன் வயிறு பலகை மாதிரி இருந்துச்சு, ரோஸ். உள்ளுக்குள்ள ரத்தம். அது உடனே நடக்கிற காரியம் இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. முக்கா மணி. அதுக்கும் மேலயும் இருக்கலாம். என்னால சொல்ல முடியாது."

"நான் ஒரு மணி நேரத்துக்கு மேல அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தேன், கிம்."

கிம் குழாயை ஆணியில் மாட்டினார்.

"போயிருந்தா பிழைச்சிருப்பானா?"

"நீ போய், அங்கிருந்து லின்ட்சேயைப் பிடிச்சு, ஹெலிகாப்டர் அடிலெய்டிலிருந்து வந்து... தெரியாது, ரோஸ். சத்தியமா தெரியாது. அதனாலதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்."

"அதை விடு," என்றார் ரோஸ். "போயிருந்தா நான் அவன் பக்கத்துல இருந்திருப்பேன். அதுவாவது உனக்குத் தெரியும்ல."

"தெரியும்," என்றார் கிம்.

ரோஸ் அவரைக் கோபிக்கவில்லை. பொய் சொன்னதற்கு நன்றி என்றுகூடச் சொன்னார். ஐந்து மாதம் தூங்கினேனே என்றார்.

அதன்பிறகு தூக்கம் இல்லை. டாரில் எறியப்பட்ட இடத்திலிருந்து வண்டிவரை ஊர்ந்து போயிருக்கிறார். உடம்புக்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது, பெட்ரோல் சிந்துகிறதே என்று கையை நீட்டி டேப்பைத் திருகியிருக்கிறார். ஏன் என்று பிரென்டன் கேட்டதற்கு, "பழக்கம்," என்றார் ரோஸ். ஆனால் என்னிடம் வேறு சொன்னார். வண்டியை இனி ஓட்டப்போவதில்லை என்று நினைக்கிறவன் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்படுவானா? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அல்லது இதோ ரோஸ் வந்துவிடுவாள், இருவருமாகத் தூக்கி நிறுத்தலாம் என்று. ஆறரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இவர் டாரிலின் எஞ்சின் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், டாரில் இவருடைய எஞ்சின் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு முறை இவர் எஞ்சினைக் கிளப்பினார். அந்தத் தூரத்துக்கு அது கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது என்றுதான் ரோஸ் வேண்டிக்கொள்கிறார். கிளப்பிய சத்தமும் பிறகு நிறுத்திய அமைதியும் அவருக்குக் கேட்டிருந்தால் அதைத் தன்னால் தாங்க முடியாது என்றார்.

நவம்பரில் கிளப் கூடியது. வருடக் கடைசி விருந்துக்கு முந்தைய கூட்டம். ரோஸ் இரண்டு வாரமாக அதற்குத் தயாரானார். விதியை மாற்ற வேண்டும். இருபது நிமிடம் காத்திரு, கடைசி வண்டி வரவில்லையென்றால் முக்கில் ஒரு அடையாளம் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார். செயற்கைக்கோள் கருவி கடைசி வண்டியில் இருக்கட்டும். இதை ஒரு தாளில் எழுதினார். எதிர்ப்பு வரும் என்று நினைத்தார். இருபது வருடத்து விதி. முக்கை விட்டால் ஆள் தொலைந்துபோவான் என்பார்கள். பிரென்டன் ஆட்டுக் கொட்டகைக் கதையை எடுத்தாலும் எடுப்பான். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டார். மூன்று பக்கம்.

கொட்டகையில் கெட்டிலைப் போட்டுவிட்டு லின்ட்சே எல்லோரையும் உட்காரச் சொன்னார். ரோஸ் எழுந்து முதல் பக்கத்தைப் படித்தார். டேப்பைப் பற்றிச் சொன்னார். கிம் சொன்னதையும் சொன்னார். பிறகு இரண்டு மாற்றங்களையும் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றார் லின்ட்சே.

யாருக்கும் இல்லை. பத்துப் பேரும் கை தூக்கினார்கள். பிரென்டன் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான், அழுதுகொண்டிருந்தான். லின்ட்சே கரும்பலகையின் மேல்வரியைச் சட்டைக் கையாலேயே அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை.

ரோஸ் மிச்சப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாராவது ஒருவர் எதிர்த்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யாராவது எழுந்து, "இல்ல ரோஸ், பழைய விதிதான் சரி, அதுக்கு ஒரு காரணம் இருக்கு," என்று கத்தியிருந்தால், அன்று அந்த முக்கில் உட்கார்ந்திருந்ததற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஒரு காரணமும் இல்லை. இரண்டு நிமிட வேலை. இருபது வருடத்தில் எந்த ஞாயிறன்றும், தேநீர் கொதிப்பதற்குள், யார் வேண்டுமானாலும் இதைச் செய்திருக்கலாம். அவரே செய்திருக்கலாம். டாரிலே செய்திருக்கலாம்.

"டீ குடிச்சிட்டுப் போ, ரோஸ்," என்றார் லின்ட்சே. ரோஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தன் காரில் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. உள்ளே கெட்டில் கொதிக்கத் தொடங்கிய சத்தம் திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது.

மாறியது ஒரு கிளப்பின் ஒரு கரும்பலகைதான். பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் இப்போது பதினொரு பேர். இந்த நாட்டின் மற்றச் சரளைச் சாலைகளில் இந்த ஞாயிறும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு முக்கில், நகரக் கூடாது என்று, நின்றுகொண்டிருக்கலாம். அவர்களில் ஒருவரையும் ரோஸுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். கூட்டமாக வண்டி ஓட்டுகிறவர் யாராவது உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ இருந்தால், டாரில் நோஸ்கேயின் கதையை அவரிடம் சொல்லுங்கள். எழுத்தில் அனுப்பினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, அவரும் இன்னொருவருக்குச் சொல்லட்டும். இருபது நிமிடம் ஆனதும் யார் கேலி செய்வார்கள் என்று யோசிக்காமல் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.